மாளிகைக்குக் காவல், மனிதனுக்கு?

லண்டன் மாநகரத்து டவுனிங் தெருவிலே 10ஆம் எண் வீடு பிரிட்டிஷ் பிரதமரின் இல்லம் என்பதை உலகறியும். அந்த வீடு அந்நாட்டுச் சட்டப்படி முதல் தரப் பாதுகாப்புப் பெற்ற பழங்கட்டடம் என்பதைப் பலர் அறியமாட்டார்கள். அங்கே ஒரு ஜன்னலை மாற்ற வேண்டுமென்றாலும் கேட்க வேண்டியவர்களைக் கேட்டாக வேண்டும்.

பிரதமர் வீட்டு ஜன்னலைப் பற்றி நமக்குக் கவலையில்லை. குளிர் வந்தால் அங்கே கணப்பு எரியும். கட்டணம் கட்ட ஆள் இருக்கிறது. அதே சட்டத்தின் கீழ், அதே மாதிரியான ஜன்னலுக்குப் பின்னால், கம்பளியைப் போர்த்திக் கொண்டு, கணப்பை மூட்டலாமா வேண்டாமா என்று காசைக் கணக்கிட்டபடி உட்கார்ந்திருக்கும் எளியவர்களைப் பற்றியதே நமது கவலை. அவர்களுடைய வீட்டைக் காக்கச் சட்டம் இருக்கிறது. அவர்களைக் காக்க?

சீமையின் ஜன்னல் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக் கூடும். நல்ல நோக்கத்தோடு பிறந்த ஒரு சட்டம், கூடவே துணை நிற்க வேண்டிய நிதியும் நிர்வாகமும் இல்லாதபோது, ஏழையின் தோளிலே எப்படிச் சுமையாக இறங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பதரிது. பழமையைப் போற்றுவோர் ஒருபுறம், பழையதை எல்லாம் பெயர்த்தெறி என்போர் மறுபுறம், நடுவிலே வாழ்ந்து தீர வேண்டிய மனிதன். இந்தக் காட்சி சீமைக்கு மட்டும் உரியதா என்ன?

பட்டியலின் கதை

இரண்டாம் உலகப் போரிலே குண்டு வீழ்ந்து நகரங்கள் நொறுங்கியபோதுதான், எதைக் காப்பது, எதை விடுவது என்ற கேள்வி பிரிட்டனில் அவசரக் கேள்வியாயிற்று. 1947ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டச் சட்டம், போற்றத்தக்க கட்டடங்களைப் பட்டியலிடும் முறைக்கு உறுதியான அடித்தளம் இட்டது. அன்று ஆட்சியில் இருந்தது அட்லியின் தொழிற்கட்சி அமைச்சரவை. 1967இல், ஒரு கட்டடத்தை மட்டுமின்றித் தெருவையும் வட்டாரத்தையும் சேர்த்துக் காக்கும் ஏற்பாடு வந்தது. இப்போது இங்கிலாந்தில் நடைமுறையில் இருப்பது 1990ஆம் ஆண்டின் சட்டம்.

இங்கிலாந்தில் மட்டும் இந்தப் பட்டியலில் 4 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான பதிவுகள் உள்ளன. ஒரு பதிவிலே ஒரு முழுத் தெருவே அடங்குவதும் உண்டு. அரண்மனைகளும் பேராலயங்களும் முதல் தரத்தில் இடம் பெறுகின்றன. அவை நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டவை இரண்டாம் தரம். இரண்டாம் தரம் என்றால் யாருடைய வீடு? சிறு நகரத்துக் கடைக்காரர் வீடு, நெசவாளி குடியிருந்த கல்வீடு, ஆலைத் தொழிலாளருக்கென்று வரிசையாகக் கட்டிய வீடு!

யார்க்‌ஷயரிலே சால்டேர் என்று ஒரு சிற்றூர். டைட்டஸ் சால்ட் என்ற கம்பளி ஆலை அதிபர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே தம்முடைய தொழிலாளருக்காகக் கட்டிய ஊர் அது. 2001இல் அது உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. அங்குள்ள தொழிலாளர் வீடுகள் இன்று பட்டியலுக்குள் இருக்கின்றன. பாதுகாக்கப்பட்ட வீடு என்றதும் சீமான்களின் மாளிகை என்று எண்ணிவிடுவோர், சால்டேரின் வரிசை வீடுகளை நினைவில் நிறுத்த வேண்டுகிறோம். உழைத்தவன் வாழ்ந்த வீடும் வரலாறுதான். அதைக் காக்க வேண்டும் என்பதிலே நமக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் அந்த வீடுகளுக்கு ஒற்றைக் கண்ணாடி ஜன்னல். குளிர்காலமோ ஆறு திங்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

வெளிச்சத்துக்கு வரி போட்ட நாடு

பிரிட்டனின் ஜன்னலுக்கும் ஆளவந்தார்களின் கஜானாவுக்கும் உள்ள உறவு நீண்ட நாளையது. 1696இல் மூன்றாம் வில்லியம் மன்னன் காலத்திலே ஜன்னல் வரி வந்தது. வீட்டிலே எத்தனை ஜன்னல் என்று எண்ணி வரி வாங்கினார்கள். வரிக்கு அஞ்சிய மக்கள் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். இன்றும் பழைய வீடுகளின் சுவரிலே, ஜன்னல் இருந்த இடம் குருட்டுக் கண்ணைப் போலத் தெரிவதைக் காணலாம். போதாக்குறைக்குக் கண்ணாடிக்கும் தனியே வரி. கண்ணாடி வரி 1845இல் ஒழிந்தது. ஜன்னல் வரி 1851இல் ஒழிந்தது. காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் விலை வைத்த கொடுமை ஒன்றரை நூற்றாண்டு நீடித்தது என்றால், நாம் வியப்படையவில்லை. வாய் திறந்து கேட்கும் வரை எந்த வரிதான் தானே போயிருக்கிறது?

அந்தக் காலத்து ஜன்னலின் அமைப்பையும் சொல்லியாக வேண்டும். மேலும் கீழுமாக ஓடும் இரண்டு மரச் சட்டங்கள், பக்கவாட்டிலே மரப்பெட்டி, பெட்டிக்குள்ளே கப்பியும் கயிறும் இரும்புக் குண்டும். குண்டின் எடை சட்டத்தின் எடைக்குச் சரியாக இருப்பதால், ஒரு விரலால் தள்ளினாலும் ஜன்னல் நகரும். கண்ணாடியோ வாயால் ஊதிச் சுழற்றித் தட்டாக விரித்து வெட்டியது. அதனால் அதில் மெல்லிய அலை தெரியும். 1959இல் பில்கிங்டன் நிறுவனம், உருகிய தகரத்தின் மீது கண்ணாடியை மிதக்கவிட்டுச் சமதளமாக்கும் முறையை அறிவித்த பிறகு, அலை இல்லாத கண்ணாடி உலகெங்கும் பரவிற்று. பழைய அலைக் கண்ணாடி உடைந்தால், அதே போன்ற ஒன்றைத் தேடிப் பிடிப்பது கடினம்.

சட்டத்துக்கு வாய்த்த மரமோ, குளிர் நாடுகளிலே மெல்ல மெல்ல வளர்ந்து இறுகிய பைன் மரம். பட்டியிட்டு வண்ணம் பூசிப் பராமரித்தால் இருநூறு ஆண்டு தாங்கும், தாங்கியும் இருக்கிறது. இதைப் பெயர்த்து எறிந்துவிட்டு பிளாஸ்டிக் சட்டத்தைப் பொருத்து என்கிறது சந்தை. பிளாஸ்டிக் ஜன்னல் இருபது முப்பது ஆண்டுகளிலே மாற்றத்துக்கு வரும். இரட்டைக் கண்ணாடியின் விளிம்பு அடைப்பு பழுதாகிவிட்டால் உள்ளே நீராவி புகுந்து கண்ணாடி மங்கும். பழுது பார்க்க வழியில்லை. புதியது வாங்கு என்பதே பதில். விற்பவனுக்கு இது இலாபம். வாங்குபவனுக்கு?

எனவே, பழைய ஜன்னலைப் பெயர்க்காதே என்று பாதுகாப்பாளர்கள் சொல்வதிலே நியாயம் இல்லை என்று நாம் சொல்லவில்லை. நியாயம் நிறைய இருக்கிறது. ஆனால், பெயர்க்காதே என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதோடு கடமை தீர்ந்ததா?

நடுவழி ஒன்று உண்டு

பெயர்க்கவும் வேண்டாம், நடுங்கவும் வேண்டாம் என்று ஒரு வழி இருக்கிறது. பழைய ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு, அறைக்குள்ளே, அதற்குப் பின்னால், மெல்லிய சட்டத்திலே இன்னொரு கண்ணாடியைப் பொருத்துவது. தெருவிலிருந்து பார்ப்பவனுக்குப் பழைய முகம் அப்படியே. உள்ளே இருப்பவனுக்குப் புதிய காப்பு. வேண்டாம் என்றால் நாளைக்கே திருகாணியைக் கழற்றி எடுத்துவிடலாம். சுவரிலே சிறு துளைகள்தாம் மிஞ்சும். இந்த இரண்டாம் கண்ணாடி இன்றைக்கு வந்த புதுமையுமல்ல. ஆனாலும் அதற்குரிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை.

இது வேலை செய்யும் விதம் எளிது. இரண்டு கண்ணாடிக்கும் நடுவே காற்று சிறைப்படுகிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. உள்கண்ணாடியின் மேல் கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சு ஒன்று இருந்தால், அறையின் வெப்பக் கதிரை அது மீண்டும் அறைக்கே திருப்பி அனுப்பும். பழைய சட்டத்தின் இடுக்கு வழியே ஊசியாக நுழையும் வாடைக் காற்றும் நின்றுவிடுகிறது.

இது வெறும் வாய்ப்பேச்சல்ல, அளந்து பார்த்திருக்கிறார்கள். கிளாஸ்கோ காலிடோனியன் பல்கலைக்கழகத்தார், ஸ்காட்லாந்தின் தொல்லியல் துறைக்காகச் செய்து 2008இல் வெளியான சோதனையின் முடிவு இது: ஒற்றைக் கண்ணாடி வழியே போகும் வெப்பத்தில், கனமான திரைச்சீலை நூற்றுக்கு 14 பங்கைத் தடுத்தது, பழைய மர உட்கதவுகளைச் சாத்தினால் 51 பங்கு நின்றது, இரண்டாம் கண்ணாடி 63 பங்கைத் தடுத்து நிறுத்தியது. இங்கிலாந்தின் துறைக்காக அதே பல்கலைக்கழகம் செய்து 2009இல் வெளியான ஆய்வு, இடுக்குகளை முறையாக அடைத்தால் பழைய ஜன்னல் வழியே கசியும் காற்றை நூற்றுக்கு 86 வரை குறைக்கலாம் என்று காட்டிற்று.

எண்களை நன்றாகப் பாருங்கள். இரண்டு நூற்றாண்டுக்கு முந்திய தச்சர் செய்து வைத்த மர உட்கதவு பாதி வெப்பத்தை நிறுத்துகிறது! வண்ணத்தைப் பூசிப் பூசி அசையாமல் ஒட்டிப் போன அந்தக் கதவுகளை மீண்டும் திறந்து மூடச் செய்வதே ஒரு சீர்திருத்தம். முன்னோர் சொன்னதெல்லாம் சரி என்று நாம் கூறுவதில்லை. ஆனால், அளந்து பார்த்துச் சரி என்று தெரிந்ததை ஏற்பதற்குப் பெயர்தான் பகுத்தறிவு.

இதிலே மிகைப்படுத்தல் வேண்டாம். வீட்டின் வெப்பம் ஜன்னல் வழியே மட்டும் போவதில்லை. கூரை, சுவர், தரை, புகைபோக்கி என்று எத்தனையோ வழி. ஜன்னலை மட்டும் சரி செய்துவிட்டால் கட்டணம் அடியோடு குறைந்துவிடும் என்று எவராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். போட்ட பணம் கட்டணச் சேமிப்பு வழியாகவே திரும்பி வர ஆண்டுகள் பலவாகும். ஆனால், சில்லென்ற கண்ணாடிக்கு அருகே உட்கார்ந்திருப்பவனின் உடல் வெப்பத்தை இழக்கிறது. கண்ணாடியின் மேற்பரப்பு சூடாக இருந்தால், அறையின் வெப்பநிலை சற்றுக் குறைந்திருந்தாலும் அவனுக்குக் குளிர் தோன்றாது. இந்த இதத்தை எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது?

இன்னொரு நன்மையும் உண்டு. இரண்டு கண்ணாடிக்கும் இடைவெளி 20 மில்லிமீட்டர் அளவில் இருந்தாலே வெப்பத்துக்குப் போதும். 100 மில்லிமீட்டருக்கு மேல் போனால் தெருவின் இரைச்சலும் பெருமளவு அடங்கும். பேருந்துப் பாதையோரம் குடியிருப்பவனுக்கு இரவுத் தூக்கம் சிறிய வரமா?

செய்முறையிலே கவனம் வேண்டும் என்பதையும் மறைக்க மாட்டோம். அறையின் ஈரக் காற்று இடைவெளிக்குள் புகுந்தால், வெளிக்கண்ணாடி வியர்த்து நீர் வடிந்து பழைய மரத்தை உளுக்கச் செய்யும். ஆகவே உட்புறத்தை இறுக அடைத்து, வெளிச்சட்டத்தைச் சற்றுக் காற்றோட்டமாக விட வேண்டும். தீ விபத்தின்போது தப்பிக்கும் வழியாக உள்ள ஜன்னலிலே, திறக்க முடியாத கண்ணாடியைப் பொருத்துவது ஆளைக் கொல்லும் காரியம். பழைய உட்கதவு இருந்தால் அது மடங்கி விரிய இடம் விட வேண்டும். பழைய ஜன்னலின் குறுக்குச் சட்டங்களோடு புதிய சட்டம் ஒத்துப் போக வேண்டும். இவற்றையெல்லாம் அறிந்த தச்சர் தேவை.

கைகட்டி நிற்கும் குடிமகன்

வழி இருக்கிறது, சோதனை இருக்கிறது, பொருள் இருக்கிறது. பிறகு தடை எங்கே?

முதல் தடை அனுமதி. பட்டியலில் உள்ள வீட்டின் தன்மையைப் பாதிக்கும் எந்த வேலையையும் அனுமதியின்றிச் செய்வது இங்கிலாந்தில் குற்றம். அபராதத்துக்கு உச்ச வரம்பு இல்லை, சிறை இரண்டாண்டு வரை. உள்கண்ணாடி வீட்டின் தன்மையைப் பாதிக்குமா? ஒரு ஊராட்சியின் அதிகாரி தேவையில்லை, போட்டுக் கொள் என்பார். பக்கத்து ஊராட்சியின் அதிகாரி, விண்ணப்பம் கொடு, வரைபடம் கொடு, விளக்க அறிக்கை கொடு என்பார். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால், வரைபடம் போடுபவன் இலவசமாகவா போடுவான்? முடிவு சொல்ல எட்டு வாரம் என்பது விதி. எட்டு வாரத்துக்குள் குளிர்காலத்தில் பாதி போய்விடுகிறது.

சட்டத்தைக் காக்கும் அதிகாரிகளை மட்டும் திட்டி நாம் மகிழப் போவதில்லை. 2010இல் டோரிகள் தலைமையில் வந்த கூட்டணி ஆட்சி, சிக்கனம் என்ற பெயராலே உள்ளூராட்சிகளின் நிதியை வெட்டியது. பல ஊராட்சிகளிலே பழங்கட்டட அதிகாரிகளின் நாற்காலிகள் காலியாயின. வாசலிலே காவல் போட்டுவிட்டு, கதவைத் திறக்க வேண்டியவனை வேலையை விட்டு நீக்கினால், உள்ளே போக வேண்டியவன் வாசலிலேதான் நிற்பான்.

மாற்றத்தின் அறிகுறிகள் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தின் பழங்கட்டடங்களுக்குப் பொறுப்பான அமைப்பு 2024 ஜூலையிலே வெளியிட்ட அறிவுரைக் குறிப்பு, இடுக்கடைப்பும் இரண்டாம் கண்ணாடியும் பொதுவாக ஏற்கத்தக்கவை என்ற போக்கிலே பேசுகிறது. அதற்கு ஆறு திங்கள் முன், 2024 ஜனவரியிலே, பழைய வீடுகளைச் சீர் செய்வதிலுள்ள தடைகளைப் பற்றி அரசாங்கமே ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டு, அனுமதி முறையும் திறமையாளர் பற்றாக்குறையும் குறுக்கே நிற்பதை ஒப்புக் கொண்டது. நோய் இன்னதென்று வைத்தியர் சொல்லிவிட்டார். மருந்து எப்போது வரும்?

சட்டத்திலே வழியும் இருக்கிறது. ஒரு வகை வேலைக்கு, ஒவ்வொருவரும் தனித்தனியே மனுப் போடத் தேவையின்றி, வட்டாரம் முழுமைக்கும் ஒரே உத்தரவாக அனுமதி தர உள்ளூராட்சிகளுக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரம் தந்தது. 2022இல் லண்டனின் கென்சிங்டன் – செல்சி ஊராட்சி, கூரைமேல் சூரிய ஒளித் தகடு வைக்க அந்த அதிகாரத்தைப் பயன்படுத்திற்று. செல்வர் நிறைந்த வட்டாரத்திலே, கூரைமேல் ஏறும் தகட்டுக்கு ஓர் உத்தரவிலே வழி பிறக்குமானால், ஏழை வாழும் ஊர்களிலே, வீட்டுக்குள் வைத்துக் கழற்றக் கூடிய கண்ணாடிக்கு வழி பிறக்கக் கூடாதா?

இரண்டாவது தடை வரி. இதைக் கேட்டால் வாசகர்கள் திகைப்பார்கள். புதிய வீடு கட்டினால் பிரிட்டனிலே மதிப்புக் கூட்டு வரி இல்லை. பழைய வீட்டைப் பழுது பார்த்தால் நூற்றுக்கு 20 வரி! பட்டியலில் உள்ள வீடுகளிலே, அனுமதி பெற்றுச் செய்யும் மாற்றங்களுக்காவது முன்பு வரிவிலக்கு இருந்தது. 2012 அக்டோபர் முதல் நாளிலிருந்து அதையும் பறித்துக் கொண்டார்கள்.

பிறகு எரிபொருள் விலை ஏறியது. 2022 ஏப்ரல் முதல் 2027 மார்ச் வரை, வீட்டின் வெப்பத்தைச் சேமிக்கும் பொருள்களைப் பொருத்துவதற்கு வரியில்லை என்றார்கள். நல்ல செய்தி என்று மகிழ்ந்து பட்டியலைப் புரட்டினால், சுவர்க் காப்பு இருக்கிறது, இடுக்கடைக்கும் பட்டை இருக்கிறது, சூரியத் தகடு இருக்கிறது, வெப்ப இறைவை இருக்கிறது. ஜன்னல் கண்ணாடி மட்டும் இல்லை. ஜன்னலின் இடுக்கிலே ஒட்டும் பட்டைக்கு வரியில்லை. அதே ஜன்னலின் பின்னே வைக்கும் கண்ணாடிக்கு வரி உண்டு! 1851இல் ஒழிந்ததாகச் சொன்ன ஜன்னல் வரி உண்மையிலேயே ஒழிந்ததா, அல்லது வேறு உடையிலே வந்து நிற்கிறதா?

சுமை யாருக்கு, சுகம் யாருக்கு?

மூன்றாவது தடைதான் எல்லாவற்றிலும் கொடிது. வீடு ஒருவனுடையது, குளிர் வேறொருவனுடையது.

வாடகை வீட்டிலே கண்ணாடி போட வேண்டியவன் உரிமையாளன். எரிவாயுக் கட்டணம் கட்டுபவனோ குடியிருப்பவன். கண்ணாடி போட்டால் செலவு உரிமையாளனுக்கு, மிச்சம் குடியிருப்பவனுக்கு. பிறகு எந்த உரிமையாளன் தானாக முன்வருவான்? குடியிருப்பவன் தன் காசிலே போடலாம் என்றால், உரிமையாளனின் இசைவு வேண்டும். மறு ஆண்டு வீட்டைக் காலி செய் என்றால், போட்ட கண்ணாடி யாருக்கு?

வாடகை வீடுகள் வெப்பத் தகுதியிலே குறிப்பிட்ட தரத்துக்குக் கீழே போகக் கூடாது என்று 2018 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விதி நடைமுறைக்கு வந்தது. ஆனால், பட்டியலில் உள்ள வீட்டின் தோற்றத்தை ஏற்கத்தகாத வகையில் மாற்றுமானால் தகுதிச் சான்றிதழே தேவையில்லை என்று சான்றிதழ் விதியில் ஒரு வாசகம் சேர்ந்திருந்தது. வாசகத்தின் நோக்கம் கட்டடத்தைக் காப்பது. ஆனால், அதைக் கேடயமாகப் பிடித்துக் கொண்டு, என் வீடு பழமையானது, நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று சாய்ந்துகொள்ள உரிமையாளனுக்கு இடம் கிடைத்துவிட்டது. உள்கண்ணாடி தோற்றத்தை மாற்றுவதில்லையே! பிறகு அந்தக் கேடயம் எதற்கு?

2021 அக்டோபரிலே ஒரு சராசரிக் குடும்பத்தின் ஆண்டு எரிபொருள் கட்டண வரம்பு 1,277 பவுன். 2022 ஏப்ரலிலே 1,971 பவுன். அதே ஆண்டு அக்டோபரிலே 3,549 பவுனுக்குப் போயிற்று. நாடே கொதித்தெழவே, அரசாங்கம் கஜானாவைத் திறந்து 2,500 பவுனிலே நிறுத்தி வைத்தது. சராசரிக் குடும்பத்துக்கே இந்தக் கதி என்றால், ஒற்றைக் கண்ணாடி வீட்டிலே வாடும் குடும்பத்தின் கதி என்ன? கண்ணாடி வழியே தெருவுக்குப் போன வெப்பத்துக்குக் கஜானா பணம் கட்டிற்று. அந்தப் பணத்திலே ஒரு பங்கைக் கண்ணாடிக்கே செலவிட்டிருந்தால், அது ஆண்டுதோறும் பலன் தந்திருக்கும்.

மக்கள் சேர்ந்தால்

எடின்பரோ நகரிலே லாரிஸ்டன் பிளேஸ் என்ற தெரு. அங்கே லிஸ்டர் வீட்டுக் கூட்டுறவு என்று குடியிருப்போரே நடத்தும் ஓர் அமைப்பு. அதன் வீடுகள் ஜார்ஜ் மன்னர்கள் காலத்தவை, பட்டியலில் உள்ளவை. அங்கே நகரத்துத் தொண்டு அமைப்புகளோடு சேர்ந்து, பழைய தோற்றம் கெடாமல், உட்கதவுகளைச் சீர் செய்தும், இடுக்குகளை அடைத்தும், உள்கண்ணாடி பொருத்தியும் வீடுகளை வெதுவெதுப்பாக்கிக் காட்டினார்கள். அந்த அனுபவம் 2008இல் கையேடாக வெளிவந்து, பிறருக்கும் வழிகாட்டிற்று.

அங்கே மட்டும் எப்படி நடந்தது? உரிமையாளனும் குடியிருப்பவனும் வேறு வேறல்ல என்பதால் நடந்தது. சுமையும் சுகமும் ஒரே தட்டிலே விழுந்ததால் நடந்தது. கூட்டுறவு என்ற சொல்லுக்கு இதைவிடச் சிறந்த பொருளுரை வேண்டுமோ?

பழங்கட்டடப் பாதுகாப்பு என்றாலே பிரபுக்களின் பொழுதுபோக்கு என்று நம்மிலே சிலர் கருதுகிறார்கள். அது முழு உண்மையன்று. பிரிட்டனிலே பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை 1877இல் தோற்றுவித்த வில்லியம் மாரிஸ், சில ஆண்டுகளிலேயே சோஷலிசக் கொடியை ஏந்தியவர். பழையதைப் புதுப்பிக்கிறேன் பேர்வழி என்று சுரண்டி அழிக்காதே, அன்றாடம் பேணிக் காப்பாற்று என்பது அவர் நெறி. தச்சனின் உழைப்பை மதித்தவர் அவர். தச்சன் செய்த ஜன்னலைக் காப்பதும், அதன் பின்னே வாழும் தொழிலாளியைக் காப்பதும் ஒரே கொள்கையின் இரண்டு முகங்கள் என்பதை அவருடைய வாழ்வே சொல்லும்.

நாம் கேட்பது

1947இல் சட்டம் தந்த தொழிற்கட்சி, 2024 ஜூலைத் தேர்தலிலே மீண்டும் ஆட்சிக்கு வந்தது. அந்தக் கட்சியின் முன் உள்ள கடமையை நாம் எடுத்துச் சொல்வது, மற்றவர் வீட்டு விவகாரத்தில் தலையிடுவதாகாது. எளியோர் எங்கிருப்பினும் எளியோரே.

கழற்றக் கூடிய உள்கண்ணாடிக்குத் தனி மனு வேண்டாம் என்ற தெளிவான உத்தரவு எல்லா ஊராட்சிகளிலும் வர வேண்டும். மிக அரிய உட்கதவும் மரவேலைப்பாடும் உள்ள வீடுகளுக்கு மட்டும் விலக்கு இருக்கட்டும். அங்கே அதிகாரி நேரில் வந்து பார்த்து வழி சொல்லட்டும். கண்ணாடிக்கு விதிக்கும் வரி போக வேண்டும். வாடகை வீட்டின் உரிமையாளன், செய்யக் கூடியதைச் செய்த பிறகே பழமையின் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற விதி வேண்டும். பழைய ஜன்னலைப் பழுது பார்க்கும் தச்சர்களை உருவாக்கப் பயிற்சிச் சாலைகள் வேண்டும். இங்கிலாந்தின் வீடுகளிலே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு 1919க்கு முன் கட்டியவை. வேலைக்குப் பஞ்சமில்லை, வேலை தெரிந்த கைக்குத்தான் பஞ்சம்.

இவற்றைச் செய்தால் பழமை அழிந்துவிடும் என்று அலறுவோருக்கு ஒன்று சொல்வோம். யாரும் குடியிருக்க விரும்பாத வீடுதான் முதலில் அழியும். கூரை ஒழுகும், மரம் உளுக்கும், பூஞ்சணம் படரும். பட்டியலிலே பெயர் மட்டும் மிஞ்சும். வாழ்வதற்கு இதமான வீட்டை மனிதன் தானே காப்பான்; அதற்குச் சட்டத்தின் தடியும் வேண்டாம், சிறையும் வேண்டாம்.

பெயர்த்தெறி என்போருக்கும் ஒன்று சொல்வோம். இருநூறு ஆண்டு உழைத்த மரத்தை எறிந்துவிட்டு, இருபது ஆண்டுப் பிளாஸ்டிக்கை வாங்குவதற்கு முன்னேற்றம் என்று பெயரில்லை. அது வியாபாரியின் முன்னேற்றம்.

வீட்டைக் காத்த சட்டத்தைப் பாராட்டுகிறோம். வீட்டுக்குள் இருக்கும் மனிதனையும் அது தன் பட்டியலிலே சேர்த்துக் கொள்ளட்டும்!